படிப்பா, பரேடா? ராணுவ அதிகாரியாக விரும்பும் மதுரைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதே கல்லூரியில் பல ஆண்டுகள் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படைப் பிரிவையும் பார்த்துக்கொண்டேன். காலையில் காக்கி உடுப்போடு மைதானத்தில் நிற்பேன். பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு சாக்பீஸைப் பிடிப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் வீடு தேடி வருகிறார்கள். கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை கட்டுவதால் இதை எழுதி வைக்கிறேன்.

ராணுவத்துக்குப் போகிறவனுக்கு எதற்கு டிகிரி? உடம்பில் தெம்பும் மனதில் துணிச்சலும் இருந்தால் போதாதா?

இதை அதிகம் கேட்பவர்கள் முன்னாள் ராணுவ வீரர்கள்தாம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பி.ஏ. படித்துவிட்டு, அதிகாரியின் முதல் படியான லெப்டினன்டாக வந்த இளைஞர் ஒருவர் திசை தெரியாமல் விழித்ததையும், எட்டாம் வகுப்பு படித்த ஹவில்தார் அவரைக் கூட்டி வந்து சேர்த்ததையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த லெப்டினன்ட் என்னென்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். இருபத்திரண்டு வயதில் முப்பது பேருக்கு மேல் உள்ள ஒரு பிளட்டூன் அவர் கைக்கு வருகிறது. அதில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். வரைபடத்தைப் படிக்க வேண்டும். எத்தனை நாளுக்கு எவ்வளவு ரேஷன், எத்தனை லிட்டர் டீசல் என்று கணக்குப் போட வேண்டும். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். மொழி தெரியாத ஊரில் ஊர்ப் பெரியவரிடம் பேச வேண்டும். தன் ஆள் ஒருவன் தவறு செய்தால் விசாரித்து நியாயம் சொல்ல வேண்டும். இதெல்லாம் தூங்கி எழுந்து காபி குடித்துவிட்டுச் செய்கிற வேலை அல்ல. முந்தின இரவு முழுக்க நடந்த களைப்போடு செய்ய வேண்டியது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாகமலை அடிவாரத்தில் ஒரு நாள் வரைபடப் பயிற்சி. கையில் 1:50,000 அளவு வரைபடம். அதில் இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். தெரிந்த இரண்டு மலைகளைக் காம்பஸில் பார்த்து, தான் நிற்கும் இடத்தை வரைபடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். வணிகவியல் படிக்கும் பையன் ஒருவன் யானைமலையைப் பார்த்து 78 பாகை என்றான். திருப்பரங்குன்றத்தைப் பார்த்து 160 என்றான். இரண்டும் ஏறத்தாழ சரி. பிறகு வரைபடத்தில் அந்த இரண்டு மலைகளிலிருந்தும் அதே கோணத்தில் கோடு போட்டான். ஒரு கோடு மேலூர்ச் சாலையைத் தாண்டிக் கிழக்கே ஓடியது. மற்றொன்று வலையங்குளம் பக்கம் இறங்கியது. இரண்டும் சந்திக்கவே இல்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"உன்னிடமிருந்து மலைக்கு 78 என்றால், மலையிலிருந்து உனக்கு எத்தனை?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "சார், 180 கூட்ட வேண்டும்" என்றான். 258, 340. திரும்பக் கோடு போட்டதும் இரண்டும் நாங்கள் நின்ற புளியமரத்துக்கு அருகே வந்து சேர்ந்தன. பத்தாம் வகுப்பில் இணைகோடுகளும் கோணங்களும் அவனுக்கு வேப்பங்காயாகக் கசந்ததாம். அன்று மாலை வரை விடவில்லை. ஒரு பாகை தவறினால் எவ்வளவு தள்ளிப் போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யானைமலை அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஒரு பாகைப் பிழை அத்தனை தூரத்தில் ஏறத்தாழ 260 மீட்டர். அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். இருட்டில் 260 மீட்டர் தள்ளிப் போனால் வேறொருவர் எல்லைக்குள் நிற்கலாம்.

வகுப்பறையில் நான் ஒரு பருவம் முழுக்கக் கத்தியும் ஏறாதது அங்கே அரை மணியில் ஏறியது. ஓர் ஆசிரியனாக எனக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

சரி, முதலில் டிகிரியை முடித்துவிட்டுப் பிறகு பயிற்சிக்குப் போகலாமே. ஏன் இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டும்?

போகலாம். உலகத்தில் இரண்டு வழியும் உண்டு. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி 44 வாரம். சேருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டம் முடித்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் 47 மாதம். பட்டமும் ராணுவப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ். வெஸ்ட் பாயிண்ட் தொடங்கியது 1802-இல். பிரான்சின் சென்-சீர் பள்ளியை நெப்போலியன் தொடங்கியதும் அதே ஆண்டு. நம் பக்கம் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதற்கு மறு ஆண்டு அது. அங்கே அதிகாரிகளை உருவாக்கப் பள்ளி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே படை நடத்தத் தெரிந்தவர்களைக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

1817-இல் சில்வானஸ் தேயர் என்பவர் வெஸ்ட் பாயிண்டின் பொறுப்புக்கு வந்தார். சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்தார். ஒவ்வொரு மாணவனும் தினமும் எழுந்து பாடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், தினமும் மதிப்பெண். தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் படிக்கும் நம் பழக்கம் அங்கே செல்லாது. கணக்கும் பொறியியலும்தான் முக்கியப் பாடங்கள். அங்கே படித்தவர்கள் போர்க்களத்தோடு நிற்காமல் அமெரிக்காவின் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் கட்டினார்கள்.

இந்தியா இரண்டு வழியையும் வைத்துக்கொண்டது. டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி, அதாவது ஐ.எம்.ஏ., 1932-இல் நாற்பது பேரோடு தொடங்கியது. அந்த நாற்பதில் ஒருவர் சாம் மானெக்‌ஷா. 1971 போரின்போது தரைப்படைத் தளபதி, பிற்காலத்தில் குன்னூரில் குடியிருந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தளபதி ஆக்கின்லெக் தலைமையிலான குழு, வெஸ்ட் பாயிண்டைப் போல மூன்று படைக்கும் சேர்த்து ஓர் அகாடமி வேண்டும் என்றது. அதன் பயனாக 1949-இல் டேராடூனில் தற்காலிகமாக ஒரு பிரிவு தொடங்கி, 1950-களின் நடுவில் புனே அருகே கடக்வாஸ்லாவுக்குக் குடிபோனது. அதுதான் தேசியப் பாதுகாப்பு அகாடமி, என்.டி.ஏ.

எது நல்லது என்று கேட்டால், பதினேழு வயதில் தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு என்.டி.ஏ. தெளிவு வராத பிள்ளையை அங்கே தள்ளாதீர்கள். மூன்று ஆண்டு நம் ஊர்க் கல்லூரியில் படித்து, நாலு பேரோடு பழகி, இருபத்தொரு வயதில் தானாக முடிவெடுத்து வந்தவர்கள் பலர் நல்ல அதிகாரிகளாக இருக்கிறார்கள்.

என்.டி.ஏ.வில் மூன்று ஆண்டு என்னதான் நடக்கிறது?

ஆறு பருவம். விடியும் முன்பே எழுந்து உடற்பயிற்சி அல்லது டிரில், பிறகு வகுப்பு, மதியத்துக்கு மேல் விளையாட்டு, இரவில் படிப்பு நேரம். பி.ஏ., பி.எஸ்சி., கணினி அறிவியலில் பி.எஸ்சி. என்று பிரிவுகள், கடற்படைக்கும் விமானப்படைக்கும் போகிறவர்களுக்குப் பி.டெக். பட்டம் தருவது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அரபி, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன் போன்ற அயல்மொழிகளில் ஒன்றும் படிக்க வேண்டும். இதைச் சொன்னால் நம் ஊர்ப் பெற்றோர் வியக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பேசுவது புரிய வேண்டாமா?

பருவங்களுக்கு நடுவே முகாம்கள் வரும். அவற்றில் ஒன்றுக்குத் தோர்ணா என்று பெயர், சிவாஜியின் கோட்டைப் பெயர். முதுகில் மூட்டை, கையில் ஆயுதம், இரவு பகல் நடை, நடுவில் திட்டமிடும் பயிற்சி. மூன்று ஆண்டு முடிந்ததும் தரைப்படைக்காரர் டேராடூன், கடற்படைக்காரர் கண்ணூர் பக்கத்து எழிமலை, விமானப்படைக்காரர் ஐதராபாத் அருகே துண்டிகல் என்று பிரிந்துபோய் மேலும் பயிற்சி பெற்ற பிறகுதான் தோளில் நட்சத்திரம்.

என்.டி.ஏ.வில் உள்ள தலைமைக் கட்டடத்தின் பெயர் சூடான் பிளாக். சூடானில் போரிட்டு மடிந்த இந்திய வீரர்களின் நினைவாக அந்நாட்டு அரசு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. பிரிவினைக்குப் பிறகு அதில் இந்தியாவுக்கு வந்த பங்கில் எழுந்த கட்டடம். முதல் நாள் அதன் முன் நிற்கும் பையனுக்கு யாராவது இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

பரேடும் ஓட்டமும் அடித்துப்போட்ட பிறகு படிப்பு எப்படி ஏறும்? இரண்டும் கெட்டுவிடாதா?

இதுதான் இந்த முழு ஏற்பாட்டின் வலி. பெற்றோர் கேட்காவிட்டாலும் நானே சொல்லுவேன். காலையில் மைதானத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்தவன் இரண்டாவது வகுப்பில் மின்விசிறிக் காற்றுக்குக் கண்ணயர்ந்துவிடுவான். என் சொந்த வகுப்பிலேயே என்.சி.சி. பரேடு நடந்த நாட்களில் கடைசி பெஞ்சு முழுக்கத் தலை ஆடும். அகாடமியிலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள். அங்கே படித்துவிட்டு வந்த என் பழைய மாணவன் ஒருவன், "சார், நின்றுகொண்டே தூங்கக் கற்றதுதான் முதல் பாடம்" என்றான்.

ஆனால் அங்கே தப்பிக்க வழி இல்லை. படிப்பில் தேறாவிட்டாலும் சரி, உடற்பயிற்சியில் தேறாவிட்டாலும் சரி, ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். கூடப் படித்தவன் சீனியர் ஆகிவிடுவான். நீங்கள் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர்களோடு நிற்க வேண்டும். ஆறு மாதம் வீணாவதைவிட அதுதான் அதிகம் வலிக்கும். ஓட்டத்தில் முதலாக வருகிற பையன்கள் கணக்கிலும் கணினியிலும் பின்தங்குவதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுத்தவர்கள் கயிறு ஏற முடியாமல் தொங்குவதும் சகஜம்.

என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம். இந்த இடைஞ்சலே பாதிப் பாடம். களைப்போடு படிப்பது கொடுமைதான். ஆனால் களைப்போடு முடிவெடுப்பது அந்த வேலையின் அன்றாடம். அதற்கு முன்கூட்டியே பழகுவதற்கு வேறு வகுப்பறை எனக்குத் தெரியவில்லை. அதற்காகத் தூக்கத்தைப் பிடுங்குவதே பயிற்சி என்று நினைக்கும் சீனியர்களை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு நோய்.

என் மகனுக்குக் கணக்கு சுத்தமாக வராது. அவ்வளவுதானா?

என்.டி.ஏ. தேர்வில் கணக்குக்கு 300 மதிப்பெண், பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600. பிறகு எஸ்.எஸ்.பி., அதாவது படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு 900. கணக்கைத் தவிர்க்க முடியாது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். ஆகையால் குருட்டாம்போக்கில் கட்டங்களை நிரப்பக் கூடாது.

பட்டம் முடித்த பிறகு எழுதும் சி.டி.எஸ். தேர்வில் ஒரு வாசல் இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, அதாவது ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள். கணக்குத் தாள் கிடையாது. 1963-இல் தொடங்கிய நிறுவனம். 49 வாரப் பயிற்சி. முடித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மேலாண்மை முதுநிலைப் பட்டயமும் கிடைக்கும். ஏற்கெனவே பட்டம் பெற்றவனுக்கும் படிப்பை விடாமல் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். இது குறுகிய காலப் பணி: பத்து ஆண்டு, விரும்பினால் மேலும் நான்கு. தகுதி பார்த்து நிரந்தரமாகவும் ஆக்குவார்கள்.

ஆனாலும் நாகமலையில் 180 கூட்டத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து ஓ.டி.ஏ.வும் விலக்கு தராது.

தமிழ்வழியில் படித்தவர்கள் தேற முடியுமா?

முடியும், ஆனால் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. நேர்காணலில் ஐந்து நாளும் ஆங்கிலத்தில் பேச வேண்டும். தமிழில் வினாத்தாள் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது வரும்வரை பையன் சும்மா இருக்க முடியாது.

தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாய்விட்டுப் படித்து, மூடி வைத்துவிட்டு ஐந்து வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கணம் தவறட்டும். தேர்வாளர்கள் உச்சரிப்பைப் பார்ப்பதைவிட, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறானா என்பதைப் பார்க்கிறார்கள். மேலூர் அருகே ஒரு கிராமத்துப் பையன், "நெல் அறுவடை இயந்திரம் வந்த பிறகு எங்கள் ஊர்க் கூலியாட்கள் என்ன ஆனார்கள்" என்று மூன்று நிமிடம் தடுமாறித் தடுமாறிப் பேசித் தேர்வானான். அழகாக ஆங்கிலம் பேசிய நகரத்துப் பையன்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

இந்தி? சாவ்தான், விஷ்ராம், தஹினே முட் போன்ற டிரில் கட்டளைகள் இந்தியில்தான். என்.சி.சி.யில் இருந்தவனுக்கு அவை முன்பே மனப்பாடம். மிச்சம் ஆறு மாதத்தில் தானாக வரும்.

என்.சி.சி.யில் சேர்ந்தால் பயன் உண்டா?

உண்டு. 1948-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய அமைப்பு. மதுரையிலேயே அதற்குக் குரூப் தலைமையகம் இருக்கிறது. கல்லூரி என்.சி.சி. தேர்வில் கிடைக்கும் ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு வழி இருக்கிறது. இந்த வழி தெரியாமலேயே சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

படிப்பையும் பயிற்சியையும் சேர்ப்பது பற்றி இவ்வளவு பேசுகிறோம். நம் கல்லூரிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. வகுப்பு ஆசிரியருக்கு என்.சி.சி. என்றால் வருகைப் பதிவேட்டில் கொடுக்க வேண்டிய சலுகை. மாணவனுக்கு முகாமில் கிடைக்கும் பூரியும், சான்றிதழும். புவியியல் ஆசிரியர் ஒரு நாள் வந்து சம உயரக் கோடுகளை மைதானத்தில் கற்றுக் கொடுத்ததாகவோ, ஆங்கில ஆசிரியர் முகாம் அறிக்கையைத் திருத்தித் தந்ததாகவோ நான் கேள்விப்பட்டதில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? துப்பாக்கிக் குண்டின் பாதையை வகுப்பில் எறிபொருள் இயக்கமாக நடத்திவிட்டு, சுடும் பயிற்சித் தளத்தில் அதைப் பற்றி வாயே திறக்காமல் பத்து ஆண்டு ஓட்டியிருக்கிறேன்.

பெண் பிள்ளைகள்?

ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். என்.டி.ஏ. கதவு திறந்தது 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. 2022-இல் முதல் அணி சேர்ந்தது. 2025 மே மாதம் 17 பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் எல்லோருக்கும் ஒன்றே. "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது" என்று கேட்ட ஒரு தாயிடம், "சென்னையில் ஐ.டி. கம்பெனி விடுதிக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டேன். அனுப்புவாராம்.

மகன் ஏற்கெனவே சிப்பாயாகச் சேர்ந்துவிட்டான். இனி அதிகாரி ஆக முடியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. டேராடூனில் ராணுவ கேடட் கல்லூரி என்று ஒரு பிரிவு இருக்கிறது, சுருக்கமாக ஏ.சி.சி. பன்னிரண்டாம் வகுப்பு தேறி, படையில் குறைந்தது இரண்டு ஆண்டு பணி செய்த, 20 முதல் 27 வயதுக்குள் உள்ள வீரர்களுக்கானது. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. இரண்டும் உண்டு. தேறினால் மூன்று ஆண்டு படித்து ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், பிறகு ஐ.எம்.ஏ.யில் ஓர் ஆண்டு, பிறகு லெப்டினன்ட்.

என்.டி.ஏ.வில் படிப்பும் பயிற்சியும் கூடவே போகின்றன. இங்கே வரிசை தலைகீழ். துப்பாக்கியையும் பனியையும் காவல் இரவுகளையும் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறக்கிறான். அப்படித் திறப்பவனுக்குப் பொருளாதாரமும் அரசியலும் வேறு மாதிரி புரியும். விடுமுறைக்கு வந்த ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எல்லைத் தகராறு பற்றிய பாடத்தைப் படித்துவிட்டு, "இந்த மலைமுகட்டில் நான் மூன்று மாதம் இருந்தேன், புத்தகத்தில் ஒரே வரி" என்றான்.

கம்பெனிப் படையில் சுபேதாராக இருந்து சிப்பாய்களுக்கெல்லாம் தலைவனாக உயர்ந்து, மதுரையை ஆண்டு, கடைசியில் 1764-இல் இதே மதுரையில் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் என்ற யூசுப்கானின் கல்லறை சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. அவர் காலத்தில் அந்த உயரத்துக்கு மேல் ஏற இந்தியனுக்குப் படி இல்லை. இப்போது படி இருக்கிறது. ஏ.சி.சி. அறிவிப்பு யூனிட் அலுவலகப் பலகையில்தான் ஒட்டப்பட்டிருக்கும், பார்க்கச் சொல்லுங்கள்.

அக்னிவீர் சேர்ந்தால் அதிகாரியா?

இல்லை. அது நான்கு ஆண்டு வீரர் பணி. அதிகாரிக்கான வழி தனி.

எஸ்.எஸ்.பி.க்கு எப்படித் தயாராவது? பயிற்சி மையத்தில் சேரலாமா?

நேர்காணல் நடக்கும் இடம், தரைப்படைக்குத் தெற்கில் பெங்களூரு, விமானப்படைக்கு மைசூரு. ஐந்து நாள். முதல் நாளே பாதிக்கு மேல் வடிகட்டி அனுப்பிவிடுவார்கள். அழுதுகொண்டு ரயில் ஏற வேண்டாம். அடுத்த முறையும் போகலாம். முதல் தடவை போய்வர ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாம் நாள் மனோதத்துவத் தேர்வு. பதினைந்து வினாடிக்கு ஒரு சொல் வீதம் அறுபது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் மனதில் தோன்றுவதை எழுத வேண்டும். படத்தைப் பார்த்துக் கதை எழுத நான்கு நிமிடம். பன்னிரண்டாவது படம் வெறும் தாள், அதற்குக் கதை உங்களுடையது. அறுபது சூழ்நிலைகளுக்கு அரை மணியில் பதில். மறு இரண்டு நாள் மைதானம்: பலகை, கயிறு, பீப்பாய் கொண்டு குழுவாகத் தடைகளைத் தாண்டுவது, மூன்று நிமிடத்தில் பத்துத் தடைகளைத் தனியாகத் தாண்டுவது, ஒரு வரைபடத்தைக் காட்டி, அணை உடைகிறது, நண்பனைப் பாம்பு கடித்துவிட்டது, பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது, நீங்கள் ஆறு பேர், என்ன செய்வீர்கள் என்று கேட்பது. நேர்காணல் தனி. எழுத்தும் ஓட்டமும் பேச்சும் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றனவா என்று கடைசி நாள் மூன்று தேர்வாளர்களும் கூடி உட்கார்ந்து ஒப்பிடுவார்கள்.

அதனால்தான் மனப்பாடம் பலிப்பதில்லை. ஒரு பயிற்சி மையத்தில் காசு கட்டிப் படித்த மூன்று பையன்கள் என்னிடம் வந்தார்கள். மூவரும் ஒரே கதையை எழுதினார்கள்: கதாநாயகன் விபத்தைப் பார்க்கிறான், முதலுதவி செய்கிறான், மருத்துவமனையில் சேர்க்கிறான், பாராட்டுப் பெறுகிறான். படத்தில் இருந்ததோ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி! பயிற்சி மையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தடைகளைத் தாண்டிப் பழகவும் குழுவாகப் பேசவும் அது உதவும். கதை மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

எவ்வளவு செலவாகும்?

பயிற்சி, தங்குமிடம், உணவு, உடுப்பு அரசாங்கச் செலவு. என்.டி.ஏ. காலத்தில் கைச்செலவுக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்ப வேண்டியிருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதற்கும் உதவித்தொகை உண்டு. ஐ.எம்.ஏ., ஓ.டி.ஏ. பயிற்சியின்போது மாதம் 56,100 ரூபாய் கொடுக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி இன்ஜினியரிங் சேர்க்கும் ஊரில் இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும்.

பாதியில் விட்டுவிட்டு வந்தால்? அடிபட்டால்?

சொந்த விருப்பத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரிடும்; சேரும்போதே பெற்றோரிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துப் போடுங்கள்.

காயம் வேறு விஷயம். பயிற்சியில் பலத்த காயம்பட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட கேடட்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் அதிகாரி ஆகவில்லை என்பதால் முன்னாள் ராணுவத்தினருக்கான சலுகைகள் கிடைக்காமல் தவித்தார்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்நூறு பேர்தான். ஆனாலும் கையெழுத்துப் போடும் தகப்பனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பும் கூடவே ஓடுவதில் எனக்கு உள்ள ஆறுதல்களில் இதுவும் ஒன்று. உடம்பு கைவிட்டாலும் படித்தது கையில் இருக்கும்.

பையன் ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறான். இப்போதே ஏதாவது செய்யலாமா?

உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி, அதாவது பிள்ளைகளை ராணுவத்துக்குத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி, இருக்கிறது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் பழனி வழியாக உடுமலை போய்விடலாம். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். இப்போது பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. டேராடூனில் 1922-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பில் சேரலாம். தமிழ்நாட்டில் அதன் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. குழந்தைக்கு விருப்பம் இருந்தால் மட்டும். பத்து வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வாரம் இரண்டு தடவை போய் அழுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அழுவது பெரும்பாலும் பெரியவர்கள்தாம்.

இன்ஜினியரிங்கும் வேண்டும், ராணுவமும் வேண்டும் என்றால்?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கு எடுத்து ஜே.இ.இ. மெயின் எழுதியவர்களுக்குத் தரைப்படையில் தொழில்நுட்ப நுழைவுத் திட்டம் இருக்கிறது. புனே, மஹூ, செகந்திராபாத் ஆகிய ஊர்களில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிகளில் படிப்பு. கடற்படைக்கு எழிமலையில் நான்கு ஆண்டுப் பி.டெக். இரண்டுக்கும் தனி எழுத்துத் தேர்வு இல்லை, ஜே.இ.இ. மதிப்பீடும் எஸ்.எஸ்.பி.யும்தான். மருத்துவம் என்றால் புனே ராணுவ மருத்துவக் கல்லூரி, நீட் வழியாக.

அதிகாரி ஆன பிறகாவது படிப்பிலிருந்து விடுதலை உண்டா?

கிடையாது. பதவி உயர்வுக்குத் தேர்வு, பிரிவுக்கேற்ற படிப்புகள், அதற்குப் பிறகு போட்டியில் தேறியவர்களுக்கு நீலகிரியில் வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி. முப்பதைத் தாண்டிய மேஜர்கள் அங்கே ஓராண்டு மாணவர்களாக உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம். என் மாணவன் ஒருவன் அங்கிருந்து தொலைபேசியில், "சார், அடிக்குறிப்பு எப்படிப் போடுவது?" என்று கேட்டான். கல்லூரியில் அதைச் சொல்லிக் கொடுத்த வகுப்பன்று அவன் முகாமில் இருந்தான்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?

என்.டி.ஏ.வுக்கு வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும். அறிவிப்பு டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும். மதுரையிலேயே தேர்வு மையம் உண்டு. தட்டைப்பாதம், முட்டி இடிப்பது, பார்வைக் குறை போன்றவற்றை விண்ணப்பிக்கும் முன்பே ஒரு மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பச்சை குத்தியிருந்தால் அதற்கும் விதி இருக்கிறது.

2.4 கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் ஓட வேண்டும். எட்டு சின்-அப், இருபது புஷ்-அப், கயிறு ஏற்றம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் எவ்வளவு பேர் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். தனியாக ஓட வேண்டியதில்லை. மாலையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. இரவில் அந்த ஆங்கிலத் தலையங்கம்.

முழங்கால் ஒத்துழைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இன்னும் நாகமலை அடிவாரத்துக்குப் போகிறேன். வருகிறவர்கள் விடியும் முன்பே வந்துவிட வேண்டும். முதலில் ஓட்டம், பிறகு வரைபடம். காம்பஸ் என்னிடம் ஒன்று இருக்கிறது. ஓடுவதற்கு ஷூவும், தண்ணீரும், சீவிய பென்சிலும், பாகைமானியும் நீங்கள் கொண்டு வாருங்கள். பாகைமானியை எப்போதும் பாதிப் பேர் மறந்துவிட்டு வருகிறார்கள்.